உடைசல்

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
அயோடின் உப்பா? ஆம்.
தராசு முத்திரை காலாவதியா? இல்லை.
பரிமாறும் முன் பணியாளர் ருசி பார்த்தாரா?
தில்ஷாத் உள்ளங்கையை நீட்டிக் காட்டுகிறார்,
சாம்பார் மஞ்சள் இன்னும் ரேகையில்.

பேரணாம்பட்டில் பங்குனி வெயில்
தகர ஷீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
ஷூ கம்பெனிச் சங்கு ஊதிய பிறகு
தெருவில் தோல் வாடைக்கு மட்டும்தான் நடமாட்டம்.

இருப்புப் பதிவேட்டைத் திருப்புகிறேன்.
திங்கள்: வருகை பதினேழு, வழங்கிய முட்டை பதினேழு,
உடைசல் ஒன்று.
புதன், உடைசல் ஒன்று.
வியாழன், ஒன்று.
மூன்று மாதமாக
ஒரு நாளும் இரண்டு உடைந்ததில்லை,
ஒரு நாளும் உடையாமல் இருந்ததுமில்லை.

"இதென்ன தில்ஷாத், சொல்லி வச்ச மாதிரி?"
"ரோடு சரியில்ல மேடம். ஆட்டோ குலுங்கிகினே வருது."

போன மாதம் போட்ட ரோடு.
அதில்தான் நானும் வந்தேன்,
மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் அசையாமல்.

பாயில் தலைகளை எண்ணுகிறேன்.
பதினெட்டு.
பச்சையம்மா முட்டையை நூலால் அறுத்துக்கொண்டிருக்கிறார்,
கத்தி பட்டால் மஞ்சள் உதிர்ந்துவிடுமாம்.
கதவோரம் ஒருத்தி
டிபன் டப்பா மூடியைத் தட்டாக ஏந்தியபடி.

"ஜார்க்கண்ட் மேடம். அம்மா கட்டிங் செக்‌ஷன்ல.
ஆதார் வரல. பேரு சோம்பாரி."
பிள்ளைகள் சோம்பேறி சோம்பேறி என்கிறார்கள்.
அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.
திங்கட்கிழமை பிறந்தவள் என்று அர்த்தமாம்.

கைபேசியை அவள் முன் பிடித்தேன்.
முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டது,
யோசித்தது,
கட்டத்தை எடுத்துக்கொண்டது.

ஆனால் எடை போட்டிருக்கிறார்கள்.
கிழித்த காலண்டர் தாளின் முதுகில்
பத்து கிலோ இருநூறு,
பத்து நானூறு,
பத்து தொள்ளாயிரம்.
கடைசி எண்ணுக்குக் கீழே
யாரோ இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள்.

பேனாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறேன்.
"வேலூர்லேர்ந்து தணிக்கைக்கு வருவாங்க.
நெசமா உடையுற முட்டைக்கு ஒழுங்கு கெடையாது தில்ஷாத்.
ஒரு நாள் ரெண்டுன்னு எழுதுங்க.
ஒரு நாள் உடையலன்னு எழுதுங்க."

அவர் தலையாட்டவில்லை.
வருகிற புதன்கிழமைக் கட்டத்தில் விரல் வைத்து
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"உடையலன்னு எழுதிட்டு
எப்படி மேடம் எடுத்துக் குடுக்கறது?
அது திருட்டு ஆயிடாதா?"

பஸ் குடியாத்தம் தாண்டிவிட்டது.
நாற்பத்தோரு பதில்கள் எழுதியாயிற்று.
கடைசிக் கேள்வி: இதர குறைகள்.
ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழுகிறது,
முன்சீட்டுக் குழந்தை விழித்து அழுகிறது.
எழுதுகிறேன்:
சாலை சரியில்லை.