நான்கெல்லை

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
சுவரை ஒட்டிப் படுத்திருந்தான்.
கழுத்தில் பட்டை இருந்தது, பேர் இல்லை.
ஒவ்வொரு காருக்கும் எழுந்து நின்றான்,
அந்தக் கார் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தான்.
ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்தோம்.
பேர் பதினாலு.

முதல் ராத்திரியே பீரோ காலில் ஒன்று.
விடிவதற்குள் கேஸ் சிலிண்டரில்,
அரிசி மூட்டையின் மூலையில்,
உருக்காலை ஷிஃப்டுக்கு இவர் போட்டுப்போகும் பூட்ஸில்.
இடது பூட்ஸ். உள்ளே.

சூரமங்கலத்தில் பத்திரம் தட்டச்சு செய்கிறவள் நான்.
பதினாறு வருடமாய் அடுத்தவர் மனைக்கு எல்லை எழுதுகிறேன்.
பழைய துண்டால் துடைக்கத் துடைக்க
வாய் தானாக முணுமுணுத்தது:
பீரோவுக்குத் தெற்கு,
சிலிண்டருக்கு வடக்கு,
அரிசி மூட்டைக்கு மேற்கு,
மேற்படியார் பூட்ஸுக்குக் கிழக்கு,
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட தரையும்
தரைமேல் நிற்கும் இரண்டு ஆட்களும்
யாதொரு வில்லங்கமும் இன்றி
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
இன்று முதல் இவனுக்குச் சர்வ சுதந்திர பாத்தியம்.

"வில்லங்கம் இருக்கே" என்றார் இவர்
பூட்ஸைக் கவிழ்த்தபடி.

டாக்டர் ரெஜினா முதலில் கேட்டது
எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று.
பினாயில் என்றேன்.
"அந்த நெடி அவனுக்கு, வேற யாரோ வந்து
எழுதிட்டுப் போன மாதிரி. மேலயே திரும்ப எழுதுவான்.
வினிகரும் தண்ணியும். அப்புறம் ஆப்ப சோடா.
அடிக்காதீங்க, மூக்கைத் தேய்க்காதீங்க.
பயந்தா ஒளிஞ்சு எழுதுவான்."
ஆபரேஷனுக்கும் தேதி கொடுத்தார்.
புத்திர பௌத்திர வரியை
அடித்துவிட வேண்டியதாயிற்று.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு.
அதையும் நானேதான் தட்டச்சு செய்தேன்.
ஏழாவது ஷரத்து: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
நாயைப் பற்றிச் சொல்ல
வீட்டுக்காரர் அர்த்தநாரி மறந்திருந்தார்.
நான் நினைவுபடுத்தவில்லை.
ஐந்தாவது முறை புதுப்பித்தாயிற்று,
காலண்டர் இன்னும் ஜன்னல் கம்பியில்.

நாலே முக்காலுக்கு எழுந்து
நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
தெருமுனை மின்கம்பத்தடியில் நிற்பேன்.
அவன் மோந்துகொண்டே இருப்பான்.
இந்தத் தெருவில் ஏற்கெனவே பதிவான
அத்தனை பேரையும் வரிவரியாய் வாசிப்பான்.
சேர்வராயன் மலை கறுப்பிலிருந்து நீலமாகும்.
பால் வண்டி போகும்.
வாசித்து முடித்து, வீட்டுக்குள் வந்து,
அமைதியாக, சிலிண்டரில்.

இருபத்து மூன்றாம் நாள்
கம்பத்தில் கால் தூக்கினான்.
நான் போட்ட "சபாஷ்" சத்தத்தில்
பால்காரர் பிரேக் அடித்தார்.
துண்டில் முடிந்திருந்த அவித்த முட்டையை
அப்படியே கொடுத்தேன், மஞ்சளோடு.

பிறகு ஒன்பது நாள் தரை காய்ந்தே கிடந்தது.
பத்தாம் நாள் இவருக்கு இரட்டை ஷிஃப்ட்.
ராத்திரி முழுக்க, தெருவில் போகும்
ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்றான்.
இரண்டு மணிக்கு
வாசற்படியின் உட்பக்கம் நனைந்திருந்தது.
துண்டை எடுத்துவந்தேன்,
துடைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
என் முழங்காலில் தாடையை வைத்தான்.
அவனுக்கு அது
பதினான்காவது வளைவு என்று தோன்றியது.
எனக்கு என்ன வளைவு என்று
எண்ணிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் இல்லை.
இல்லை என்றால், இதுவரை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை
அவன் கயிறு மாட்ட இடம் தேடினேன்.
கதவுக்குப் பின்னால், தோள் உயரத்தில்,
இஞ்சி இடிக்கிற கல்லால்
ஒரே ஒரு ஆணி.
கொஞ்சம் காரை உதிர்ந்தது.
பதினாலு வந்து காரையை மோந்தான்,
சுவரை மோந்தான்,
என்னை அண்ணாந்து பார்த்தான்.

இவர் ஒன்றும் சொல்லாமல்
வினிகர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.