கூரையிலிருந்து கேட்ட தொடர்

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு
சின்னப்பாலத்தில் இருந்தது ஒரே ஒரு பெட்டி.
மிக்கேல் வீட்டு மாடியில் ஒரே ஒரு ஆன்டெனா.
அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.
பன்னிரண்டு வயது, ஒல்லி, காற்றுக்குப் பயமில்லை:
என்னை ஏற்றிவிட்டார்கள்.

"தாலுகா ஆபீஸ் தெரு" பதிமூன்று வாரம் ஓடியது.
பதிமூன்று வாரமும் நான் மேலே.
கீழே ஜன்னலில் யாராவது கத்துவார்கள்:
"புள்ளி புள்ளியா வருதுடா,
இன்னும் கொஞ்சம் கோடைக்கானல் பக்கம்...
போதும், போதும், ஆடாதே!"
நான் ஆடாமல் நின்றால்தான்
அந்த ஊரில் மழை பெய்யும்,
பஞ்சர் கடை பரமசிவம் கடன் கேட்பார்,
டைப்பிஸ்ட் காஞ்சனா வேலைக்குப் போவாள்.

அவளை எனக்கு விரல்களாகத்தான் தெரியும்.
கோபம் என்றால் வேகம். காய்ச்சல் என்றால்
ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே
ஒரு அலை வந்து போகும்.
வரி முடிந்ததும் மணி அடிக்கும்,
உருளையை இழுத்துத் தள்ளுவாள்.
அந்தச் சத்தத்தில் ஒரு பெருமூச்சு இருந்தது.
மாதா மேல் ஆணையாக இருந்தது.

அதில் கடலே கிடையாது.
ஒரு வீட்டிலாவது மீன் வாங்க வேண்டுமே!
"எதைத்தான் திங்குதுக அந்த ஊர்ல" என்பாள் ஞானசீலி.
அடுத்த செவ்வாய் முதல் ஆளாய்
பாசி எடுத்த கை காயாமல் வந்து
பாயின் முன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள்.

கடைசி வாரம். காஞ்சனாவுக்கு மாற்றல்.
பஸ் இரைந்துகொண்டு நிற்கிறது.
பரமசிவம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறார்.
அப்போது வாடை ஓங்கி அடித்ததில்
குழாய் என் கையிலேயே சுழன்றுவிட்டது.
கீழே கொழும்பு வந்தது.
சிங்களத்தில் செய்தி, அவ்வளவு நிதானமாய்.
திருப்பினேன், திருப்பினேன்,
கோடைக்கானல் கிடைத்தபோது
ஒரு குழந்தை சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை.
பிறகு பேசினார்கள், அதையே பேசினார்கள்:
ஏறினாளா, ஏறவில்லையா.
வலை பொத்தும்போது, ஐஸ் உடைக்கும்போது,
சூசையின் கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே.
சூசை ஏறாத கட்சி.
படகுக்குக் காஞ்சனா என்றே பெயர் வைத்தான்.
மீன்துறை ஆபீசில் கேட்டார்கள், "சம்சாரம் பேரா?"
"இல்ல சார், டைப்பிஸ்ட்."
பக்கத்தில் நின்ற சம்சாரம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

போன ஐப்பசியில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
யாரும் கடலுக்குப் போகவில்லை.
சூசையின் மகள் ஜெனோவா
எங்கிருந்தோ அதைத் தேடிப் பிடித்துப்
போனில் கொண்டுவந்தாள். கடைசி வாரம், கலரில்.
வலைக்கூடத்தில் இருபது தலைகள், ஓர் உள்ளங்கை அளவு ஊர்.
சேலை கத்தரிப்பூ நிறமாம்.
பச்சை என்று முப்பது வருடம் சண்டை போட்டவர்கள்
ஒன்றும் சொல்லவில்லை.

ஏறினாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தகரத்தில் மழை. சூசை எழுந்து
படகுக் கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான்.
ஞானசீலிதான் வாயைத் திறந்தாள்:
"பரமக்குடியில இறங்கியிருப்பா.
பஸ் அங்க டீக்கு நிக்கும்."
"அந்தப் பஸ் பரமக்குடி போகாது" என்றார் மிக்கேல்.
"நீ கண்டே!"

இன்னொரு தடவை போடச் சொல்லிவிட்டு
நான் வெளியே இறவாரத்தில் முதுகு காட்டி நின்றேன்.
முகத்தைப் பார்த்த அவசரத்தில்
காதை மறந்திருந்தேன்.
பஸ்ஸுக்கு முந்தின காட்சி, ஆபீஸ்,
கடைசியாக ஒரு வரி அடிக்கிறாள்.
மணி அடிக்கிறது.
உருளையைத் தள்ளவில்லை.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்.
பரமக்குடி பாதியில் நின்றது.
நனைந்த சூசை எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து
மகள் கையில் இருந்த போனின் மேல் குனிந்தான்:
"திரும்பப் போடு.
ஆடாம பிடி பிள்ளை, ஆடாம."