திசைமாற்றி

நீர்கொழும்பிலிருந்து லொறியில் வந்த டைனமோ.
கடை முழுக்க நெத்தலி மணம்.
ஒரு காலம் மொறிஸ் மைனரில் இருந்ததாம்,
இப்போது இறக்கக்கண்டி வாடியில்
மண்ணெண்ணெய் எஞ்சின் சுழற்ற
பற்றறிக்குத் தீனி போடுகிறது.
வந்து நாலு நாள், முள் அசையேல்லை என்றான் எமிலியான்.

உட்துறைமுக வீதியில் கடை.
பலகையில் அமலதாஸ் என்று இருக்கும்.
திருத்துகிறவள் நான்.

கழற்றினேன்.
காந்தங்களுக்கு நடுவே செப்புச் சுருள்.
வடமுனையைக் கடக்கையில் மின் ஒரு திசை,
தென்முனையைக் கடக்கையில் எதிர்த்திசை.
உள்ளுக்குள் எப்போதும் ஆடலோட்டம்தான்.
நேரோட்டம் என்பது
வாசலில் நடக்கிற வேலை:
அச்சின் நுனியில் செப்புத் துண்டுகள்,
இடையிடையே மைக்கா,
மேலே உரசியபடி இரண்டு காபன் கட்டிகள்.
சுருளில் ஓட்டம் புரளும் அதே கணம்
கட்டிகளின் கீழே துண்டுகள் இடம் மாறும்.
புரண்டது புரண்டபடி இருக்க,
வெளியே நிற்கிற வயருக்கு
ஒன்றுமே தெரியாது.
அது ஒரே பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

"எங்கட சீவியம்" என்று சிரித்தான்.
கச்சான் எழும்பி மேற்குக் கடல் குமுறினால்
வலையும் சட்டியும் ஏற்றி இங்கே.
வாடை தொடங்கி இந்தக் கடல் குமுறினால் அங்கே.
"காத்து வருசத்துக்கு ரெண்டு தரம் திரும்புது, அக்கா.
எனக்கு எப்பவும் அமந்த கடல்."

நான் மைக்காவைக் கீறிக்கொண்டிருந்தேன்,
வாள் அலகின் உடைந்த துண்டால்,
செம்பை விட ஒரு மயிரளவு தாழ்வாக.
கட்டி இரண்டு துண்டுகளை ஒருசேரத் தொடும் இடம்
கரிந்து கிடந்தது.
பொறி பறப்பது அங்கேதான்.
ஹபரணைக் காட்டு வழியே லொறி போகும் இரவில்
அவனுக்கு எந்தக் கடலும் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் பனடோல் கேட்டான்.

கரி துடைத்து, புதுக் கட்டி போட்டு, சுழற்றினேன்.
முள் செத்தபடி.
ஆறு மாதம் கொட்டிலில் கிடந்ததில்
இரும்பு தன் வடக்கை மறந்திருந்தது.
இருந்த காந்தத்தில் கொஞ்சமாவது மிஞ்சாவிட்டால்
டைனமோ எவ்வளவு சுற்றினாலும் வெறும் சுற்றல்.

பற்றறியிலிருந்து ஒரு வயர்.
புலச்சுருள் முனையில் ஒரு தொடுகை,
கண்ணிமைக்கும் நேரம்.
நீலமாய் ஒரு பொறி.

திரும்பச் சுழற்றினேன்.
முள் நடுங்கியது,
பிறகு வலப்பக்கம் சாய்ந்து
அங்கேயே நின்றது.

"காசு?"
"புரட்டாதியில, போகேக்க."
அதுவரை கிழமைக்கொரு பாரை மீன் தருவானாம்.

கொப்பியில் அவன் பக்கத்தைத் திறந்தேன்.
போன புரட்டாதி, அதற்கு முந்தின புரட்டாதி.
மூன்று வருசமாய் இங்கேயும்
சுத்தமான நேரோட்டம்.