ஐம்பது வருட உத்தரவாதம்

மூன்று கோடைக்கு ஒரு முறை
இந்த வீட்டுக்கு ஹெட்லி வேண்டும்.
போனாவிஸ்டாவின் உப்புக்காற்று பலகையை நக்கி நக்கி
பெயிண்டைச் செதில் செதிலாக உரித்துவிடும்.
அவன் சுரண்டுவான், தேய்ப்பான், பூசுவான்.
தெற்குப் பக்கம் முடிவதற்குள்
வடக்குப் பக்கம் உரியத் தொடங்கியிருக்கும்.
நாற்பத்தொரு வருடம். பதினான்கு பூச்சு.
கணக்கு என்னுடையது.
டின் வாங்கிய ரசீதெல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

பதினான்காவதில் ஏணி வழுக்கியது.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.
முதலில் டின் விழுந்த சத்தம்.
அப்புறம் சத்தமே இல்லை.
அந்த இல்லாத சத்தம் கேட்டுத்தான்
இன்றைக்கும் சில இரவுகளில் விழித்துக்கொள்கிறேன்.
மஞ்சள் பெயிண்டில் மல்லாந்து கிடந்தவன்
என்னைப் பார்த்துச் சொன்னது:
"அந்த மூலை ஈரம், வெர்னா. தொட்டுடாதே."

செயின்ட் ஜான்ஸில் முழங்காலை மாற்றினார்கள்.
திரும்பும் வழியில் காரிலேயே சொல்லிவிட்டேன்,
வீட்டையும் மாற்றுகிறோம் என்று.

கோரி வந்தான், மாதிரி அட்டைகளோடு.
சுவருக்கு வினைல், கூரைக்குத் தகரம்,
படிகளுக்கு உளுத்துப்போகாத பிளாஸ்டிக் பலகை,
எண்ணெய் அடுப்பு இருந்த இடத்தில்
முணுமுணுக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி.
"இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றான்,
பரிசு கொடுக்கிறவனைப் போல.
ஹெட்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

அன்றிரவு காகிதங்களை மேசையில் பரப்பினேன்.
வெள்ளைப் பெட்டிக்குப் பத்து வருடம்.
முழங்காலுக்கு, டாக்டர் வாய்வார்த்தையாகச் சொன்னபடி, பதினைந்து.
கூரைக்கு நாற்பது. சுவருக்கு ஐம்பது.
எனக்கு அறுபத்தாறு, அவனுக்கு அறுபத்தொன்பது.
எங்களுக்குத்தான் யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
உத்தரவாதத்தை ஒரே ஒரு முறை
அடுத்த உரிமையாளர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.
பக்கத்தில் ஒரு கோடு, காலியாக.

ட்ரீனாவுக்கு ஆல்பர்ட்டாவில் வீடு இருக்கிறது,
இரண்டு கார் நிற்கும் கராஜோடு.
"இப்ப வித்தா நல்ல விலை வருமாம்மா?"
என்று போனில் கேட்டாள். கெட்ட எண்ணமில்லை.
யாராவது ஒருத்தர் கேட்கத்தானே வேண்டும்.
நான் கேப்லின் மீன் கரையேறிய கதையைச் சொன்னேன்.

வேலை ஒன்பது நாள்.
மூன்றாம் நாள் ஹெட்லி கோரியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்
எதையோ கைகாட்டிப் பேசுவதை
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
விறகறையின் வடக்குச் சுவர்.
நின்றால் கை எட்டும் உயரம்.
அதை மட்டும் மரமாகவே விடச் சொல்லியிருக்கிறான்.

கத்தினேன்.
இத்தனை பணம் கொட்டியது எதற்கு,
ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தது எதற்கு.
புது முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி
முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான்.
பிறகு,
"ஜூலை முழுக்க நான் என்ன செய்ய, வெர்னா?"

ஏணி போகவேண்டும். அது என் நிபந்தனை.
ட்வில்லிங்கேட்டிலிருந்து ஒரு பையன் வந்து
இருபது டாலருக்கு ட்ரக்கில் கட்டிக்கொண்டு போனான்.
ஹெட்லி வெளியே வந்தது
முடிச்சு இறுக்கமா என்று பார்க்க மட்டும்.

இது அடுத்த ஜூலை.
மற்ற சுவர்கள் சாம்பல் நிறம், மழுமழுவென்று,
மழை வந்தால் தாங்களே குளித்துக்கொள்கின்றன.
கொல்லையில் சமையலறை நாற்காலியைப் போட்டு
உட்கார்ந்து பூசிக்கொண்டிருக்கிறான்.
அதே பழைய மஞ்சள். சாம்பலோடு சேரவே இல்லை.
காகிதம் டப்பாவில் இருக்கிறது,
ரசீதுகளுக்கு மேலே, கோடு காலியாக.

காற்று கடல்பக்கம் திரும்புகிறது.
ஈரம் காய்வதற்குள் கொசு வந்து ஒட்டும்,
உப்பு ஏறும், மூன்று கோடையில் உரியும்.
துணிக்கொடியில் நின்றபடி
"கீழ்ப்பலகையை விட்டுட்டே" என்று கூவுகிறேன்.

விடவில்லை. அவனுக்கும் தெரியும்.
குனிந்து பார்க்கிறான்.