மீந்த அரை ரொட்டி

சனிக்கிழமை. ஃபீனிக்ஸில் ஒரு பள்ளிக்கூடம்.
மின்வெட்டு எட்டிலிருந்து பத்தரை வரை.
புரொஜெக்டர் செத்துப் போகவே
பயிற்சி கொடுக்க வந்த நொன்லான்லா
மடிக்கணினியை மூடிவிட்டு
முனைக்கடைக்குப் போய்
இரண்டு அச்சு ரொட்டியோடு திரும்பினாள்.
வெட்டாதவை. உள்ளே குடைந்து
கறி ஊற்றி விற்பார்களே, அந்த ரொட்டி.

நாங்கள் முப்பத்தொரு ஆசிரியர்கள்.
வெருலம், டோங்காட், இனாண்டா, குவாமாஷு.
நான் கையெழுத்துப் போட வந்தவள், மறைப்பானேன்,
புள்ளி குறைந்தால் கடிதம் வரும்.
இருபத்தாறு வருஷமாய் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு.

"இரண்டை முக்காலால் வகுங்கள்."
சிரித்தோம்.
யோசிக்குமுன்னே கை எழுதிவிட்டது:
மேலதைக் கீழே, கீழதை மேலே, பெருக்கு.
இரண்டும், மூன்றில் இரண்டும்.

"நல்லது. இப்போது ரொட்டியில்.
ஆளுக்கு முக்கால்."

பூபாலன் செட்டி கத்தியை வாங்கினார்.
ஒவ்வொன்றையும் நாலாய் அறுத்தார்.
முதல் தட்டில் மூன்று துண்டு,
இரண்டாம் தட்டில் மூன்று.
பலகையில் மீந்தவை இரண்டு கால்.
ஒட்டி வைத்தார். அரை.

இரண்டு ஆள், மீதி அரை.
அப்படியென்றால் இரண்டரை.
நோட்டு வேறு சொல்கிறது.

"பேக்கரிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் பூபாலன்.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
கூட்டினால் அறுநூறு வருஷ அனுபவம்
அரை ரொட்டிக்கு முன்னால்
வாய்ப்பாடு மறந்த பிள்ளைபோல் நின்றது.

எனக்கு லிண்டானி ஞாபகம் வந்தான்.
கடைசி வரிசை, கிழிந்த சட்டைக்கை.
"ஏன் மிஸ் தலைகீழாத் திருப்பணும்?"
"திருப்பினா விடை வரும். உட்காரு."
உட்கார்ந்தான்.
அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை,
என் வகுப்பில்.
இப்போது டைல்ஸ் பதிக்கிறான்.
போன வருஷம் என் அக்கா குளியலறையில்
சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்,
முக்கால் ஓடு எத்தனை வேண்டுமென்று
காகிதமில்லாமல் சொன்னான்.
ஒன்றுகூட மிஞ்சவில்லை.
நான் அடையாளம் தெரியாதவள்போல்
தேநீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேநீர்க் கோப்பைகளோடு அந்நேரம்
உள்ளே வந்தாள் பள்ளியைக் கூட்டும் தெம்பிசா.
காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.
"இந்தா, உனக்கு" என்று
மீந்ததை நீட்டினார் பூபாலன்.
அவள் வாங்கவில்லை.
இரண்டு தட்டையும் பார்த்தாள்.
"அவங்களுக்கு மூணு. எனக்கு மட்டும் ரெண்டா?"

மூணு. ரெண்டு.

நொன்லான்லா வாயே திறக்கவில்லை.
பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளி எழுந்தார்.
ரொட்டிக்கு அது அரை.
பங்குக்கு அது மூன்றில் இரண்டு.
இத்தனை வருஷமாய் விடையில் எழுதினேன்,
எதில் மூன்று, எதில் இரண்டு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
வீட்டில் மிச்சமிருக்கும் தமிழில்
கால், அரை, முக்கால் சொல்லத் தெரியும்.
காலைத் தலைகீழாய் நிறுத்து, நாலாகும்
என்று கட்டளையிடவும் தெரியும்.
தலை ஒன்று அங்கே இருந்ததுதான்
தெரியாது.

தெம்பிசாவுக்கு முழுப் பங்கு கொடுத்தோம்.
பூபாலன் தட்டிலிருந்து ஒரு துண்டு போயிற்று.
பத்தரைக்கு விளக்கு வந்தது.
யாரும் புரொஜெக்டரைத் தேடவில்லை.

திங்கள், ஏழு 'பி'.
நாற்பத்து மூன்று பிள்ளைகள், இரண்டு ரொட்டி.
பலகையில் இரண்டு விடையும் எழுதினேன்.
எது சரி?
பிறகு வாயை மூடிக்கொண்டேன்.
பதிலை நாக்குக்கடியில் அடக்கி நிற்பதற்கு
எந்தக் கல்லூரியும் பழக்கவில்லை,
முதுகு வியர்த்தது.
ஒருவன் துண்டுகளை அடுக்கினான்.
இன்னொருவன் ஒன்றைத் தின்றுவிட்டான்,
கணக்கு முதலிலிருந்து தொடங்கியது.

கதவருகே தலைமையாசிரியர்.
"மிஸஸ் வடிவேலு, அட்டவணையில்
மூணு நாள் பின்னால இருக்கீங்க."

"ஆமாம் சார்" என்றேன்.
"ஜன்னலோரம் அந்தப் பெண்
இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை."