ஜூத்தாய்

எண்ணூர் நெடுஞ்சாலையில்
முந்நூற்றுப் பன்னிரண்டாவது டிரெய்லர் என்னுடையது.
துறைமுக கேட் தெற்கே எங்கோ இருக்கிறது, நம்பிக்கை.
இஞ்சினை அணைத்தாயிற்று.
கிளீனர் தமீம் வண்டிக்கு அடியில்
பாய் விரித்துவிட்டான்.

காதில் ஒற்றை இயர்போன்
(மற்றது போன மழையில் செத்தது).
ஜப்பானில் யாரோ ஒருத்தி
சாலைச் செய்தி வாசிக்கிறாள்.
எனக்கு ராத்திரி ஒன்றரை.
அவளுக்கு ஐந்து, விடிகிறது.

எட்டு மாதமாய் அவள் பேச்சு எனக்கு
சீல் உடைக்காத பெட்டி.
இருபது வருஷமாய் நான் இழுப்பதும் அதைத்தான்:
நம்பர் தெரியும், எடை தெரியும்,
உள்ளே பொம்மையா அமிலமா
கேட்டதில்லை.

ஒரு பெட்டிக் கதவில்தான் தொடங்கியது.
மஞ்சள் ஸ்டிக்கரில் இரண்டு எழுத்து,
முதலாவதன் இடது ஓரம் மூன்று சொட்டு தண்ணீர்.
போட்டோ எடுத்தேன். போன் படித்துக் காட்டியது:
ச்சூயி. கவனம்.
இந்தப் பக்கம் ச்சூ என்றால் நாய் பாயும்.
அங்கே மனுஷன் நிற்கிறானாம்.
சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். மறக்கவில்லை.

விசாவா, என்றான் கஜா.
டீக்கடையில் வேறு மாதிரி கேட்டார்கள்.
க்யூ நீளமா இருக்குது, அதான், என்றேன்.

ஒரு குடும்பத் தொடர், இருபது நிமிஷம்.
கீழே ஓடும் எழுத்தை அணைத்துவிட்டு
பத்தொன்பது தடவை பார்த்தேன்.
டிரிப் ஷீட்டின் முதுகில்
காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினேன்.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் ஒலி வாயை மூடும்.
அவர்கள் எழுத்தில் இரண்டு புள்ளி வைத்தால்
தொண்டை கனக்கிறது.
வினைச்சொல் கடைசியில்தான் வரும்.
அது பரவாயில்லை,
கேட்டும் எனக்குக் கடைசியில்தான் வரும்.

தைஜோபு என்று ஒருத்தன் இருந்தான்.
மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன்.
விழுந்த பிள்ளையைத் தூக்கும்போது அவன் பேர்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பேர்,
சண்டை போட்டுக் கதவைச் சாத்திய பெண்ணும்
உள்ளிருந்து அவனைத்தான் சொன்னாள்.
எல்லா வீட்டுக்கும் வேண்டியவன்,
ஒருதடவைகூட முகம் காட்டாதவன்.
‘ஒன்றுமில்லை, சரியாய்ப் போச்சு’ என்று அர்த்தமாம்.
தெரிந்த அன்று
ஒரு கூட்டாளி செத்த மாதிரி இருந்தது.

இன்றைக்கு
அவள் ஏதோ ஊர் பேர் சொன்னாள், ஒரு எண் சொன்னாள்,
பிறகு ஜூத்தாய் என்றாள்.
நூறு தடவை கேட்ட சொல்.
முன்னால் பார்த்தேன். சிவப்பு விளக்கு, சிவப்பு விளக்கு,
பாலத்துக்கு அப்பாலும் சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் பார்த்தேன். பின்னாலும் வண்டிகள்.
அட,
இதுதானே!
சீல் தானாய் அறுந்து விழுந்தது.
அங்கேயும் நிற்கிறார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர்.
இங்கே ஒன்பதும்மா, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
அடியிலிருந்து தமீம்:
கேட்டு தொறந்துட்டாங்களாண்ணே?

திறந்தது மறுநாள் மத்தியானம்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இன்னொரு ஜூத்தாய்.
வீட்டுக்குப் போகும்போது நான்கு மணி.
டெய்சி நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறாள்,
கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில்.

கிளம்பும்போது சொல்வது
அவர்களுக்கும் நமக்கும் ஒன்றேதான்:
போயிட்டு வரேன்.
திரும்பி வந்தால் சொல்ல அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது.
நம்மிடம் செருப்புச் சத்தம்.

மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
ததைமா.

சுவர்ப்பக்கம் புரண்டபடி கேட்டாள்:
உனுக்கு முன்னாடி எத்தினி வண்டி?

முந்நூத்திப் பதினொண்ணு, என்றேன்.