நாற்பத்தொரு சென்ட்

பாளையங்கோட்டையில் ஆர்மோனியம் பழுதுபார்ப்பவள் நான்.
பித்தளை நாக்குகளைச் சுரண்டிப் பிழைப்பு.
நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும்,
அடியில் சுரண்டினால் இறங்கும்.

கரண்டு வேலைக்காரர் மாடியில் விட்டுப்போன
நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய் ஒன்று.
ஒரு முனையைப் பிடித்துத் தலைக்குமேல் சுழற்றினேன்.
மெதுவாகச் சுற்றினால் ஷட்ஜம்.
விசை கூட்டினால்
நடுவில் எதையும் மிதிக்காமல் பஞ்சமத்துக்குத் தாவும்.
பிறகு மேல் ஷட்ஜம்.
பிறகு காந்தாரம்.
இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
யாரும் கூட்டாத சுருதி.
ஏழுக்குப் போக என் தோள் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரே ஒரு நாள் வந்தது, ஒரு மூச்சு நேரம்:
நிஷாதம் என்று சொல்லவும் முடியாமல்
இரண்டு கட்டைக்கு நடுவே
விரல் போகாத சந்தில்.

அந்தக் காந்தாரத்தைக் கேட்ட பின்
பெட்டியின் காந்தாரம் சோற்றில் மணல்.
பதினாலு சென்டுக்குக் கொஞ்சம் குறைவாக
ஏறி நிற்கிறது.

சென்ட் என்றால் எங்கள் ஊரில் நிலம்.
நூறு சென்ட் ஒரு ஏக்கர்.
ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவிலும் நூறுதான்.
ஆக, ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர்.
அப்பாவிடம் இருந்ததும் பன்னிரண்டு.
பிள்ளைகள் மூன்று பேர்.

ஆளுக்கு நாலு.
சர்வேயர் இசக்கியப்பன் சங்கிலி இழுத்துக் கல் ஊன்றினார்.
பத்திரத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.
வாய்க்காலுக்கு விடவில்லை, அவ்வளவுதான்.
எபனேசர் அண்ணன் வயலை மிதித்துத்தான்
என் வயலுக்குத் தண்ணீர் வரும்.
அக்காவுக்குப் பிசானத்தில் வரும்.
காரில் வராது.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம்
பாடகர் குழு தேவசித்தம் கோயில் பெட்டியைக் கொண்டுவந்தார்.
அவரைக் கேட்காமலே
ஒரு கட்டையை ஆதாரமாக வைத்து
குழாய் சொன்ன கணக்கில் சுரண்டிவிட்டேன்.

முதல் பாட்டில்
நாலு குரலும் பெட்டியும் படிந்து
நடுக்கம் அடங்கி,
யாருமே பாடாத கீழ்ச்சுரம் ஒன்று
தரையிலிருந்து எழுந்தது.
பின்வரிசையில் ஒருத்தி
பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

மூன்றாம் பாட்டுக்கு, சில்வியாவின் தொண்டைக்காக,
மூன்று கட்டைக்கு ஏற்றினார் தேவசித்தம்.

தூய காந்தாரத்தை மூன்று தடவை அடுக்கினால்
மேல் ஷட்ஜம் எட்டாது,
நாற்பத்தொரு சென்ட் குறையும்.
அதை எங்கே ஒளித்திருந்தேனோ
அங்கேயே அவர் விரல் விழுந்தது.

"என்னட்டி இது, நாய் ஊளையிடுதுல்லா!"

திங்கட்கிழமை பெட்டி திரும்பி வந்தது.
"எல்லாத்துக்கும் சமமா வச்சிரு தாயி."
வைத்தேன்.
மணலை அள்ளி எல்லாக் கலத்திலும் தூவுகிற வேலை.
ஒருவரும் துப்பமாட்டார்கள்.

அன்று ராத்திரி
பென்சிலால் பத்திரத்தின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
ஆளுக்குப் பதினாலு சென்ட், கொஞ்சம் குறைய,
மூன்று பேரும் விட்டால்
நாற்பத்தொன்று.
ஒரு வாய்க்கால், வரப்பு, மாடு திரும்ப இடம்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கேட்டார்கள்: யார் பேருக்கு?
யார் பேருக்கும் வேண்டாம் என்றேன்.
"பட்டா நிலத்தைப் புறம்போக்குன்னு எழுத முடியாதும்மா."
அண்ணன் போனை எடுக்கவில்லை.
அக்கா எடுத்தாள்,
வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்,
பின்னால் டிவி ஓடியது.

என் பங்குப் பதினாலை மட்டும்
ஆள் வைத்து வெட்டியாயிற்று.
அண்ணன் கல்லில் தொடங்கி
அக்கா கல்லில் முடிகிறது.
கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடக்கிறது.
இந்தப் பக்கம்
நேற்று ஒரு தவளை வந்து உட்கார்ந்திருந்தது.